சர்வர் சொல்லும் எண்ணே ரவுட்டருக்கும்: ஒரு சுவிட்ச் ரவுட்டரில் ஐபிஎக்ஸும் ஆப்பிள்டாக்கும்

இரண்டாம் கூடத்தில் இருக்கும் கடைசி டாஸ் கணினியை நேற்று அணைத்து மறுபடி போட்டேன். நினைவகச் சோதனை முடிந்தது, பிணைய அட்டையின் டிரைவர் ஏறியது, ஐபிஎக்ஸ் (சர்வரோடு பேச உதவும் பிணைய நெறிமுறை) ஏறியது, அடுத்த வரியில் சர்வரின் பெயர் வந்து நின்றது. கையில் இருந்த கடிகாரத்தில் 11 வினாடி. நான்கு மாலைகளாக அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன். நினைவில் பச்சையாக இருக்கும்போதே, தவறிய இடங்களையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முன்பிருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பியில், அதாவது அடுக்கடுக்காகக் கோத்த 10 மெகாபிட் ஹப்புகளில், எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன. நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் மென்பொருள் ஓடும் 3.11 சர்வர் ஒன்று, 4.11 சர்வர் ஒன்று, இயந்திரங்களை இயக்கும் டாஸ் கணினிகள் ஒன்பது, இரண்டு மேக்கின்டோஷ், ஒரு லேசர் பிரின்டர். டாஸ் கணினிகளில் ஓடும் நிரல்கள் ஐபிஎக்ஸை நேரடியாக அழைக்கின்றன. மூல நிரல் எங்களிடம் இல்லை. ஆகவே ஐபிக்கு, அதாவது இணையம் பயன்படுத்தும் நெறிமுறைக்கு, மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இயந்திரங்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய பிணையத்தைச் செய்து கொடுப்பதுதான் வேலை. ஒரு கூடத்தில் ஹப் ஒன்று கெட்டுப்போனால் மறு கூடமும் சேர்ந்து நின்றுவிடுகிறது என்பதால், கூடங்களைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து நடுவில் ஒரு சுவிட்ச் ரவுட்டரை வைக்கத் தீர்மானித்தோம்.

ரவுட்டர் பழையது. சிஸ்கோவின் ஐஓஎஸ் 12 வரிசை மென்பொருள் ஓடுகிறது. ஐபிஎக்ஸும், மேக் கணினிகளின் நெறிமுறையான ஆப்பிள்டாக்கும் உள்ள பதிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். பின்னால் வந்த பதிப்புகளில் இவை நீக்கப்பட்டுவிட்டன. வெறும் சுவிட்சில் போர்ட்டுகள் எல்லாம் ஒரே பகுதியில் கிடக்கும். இந்தப் பெட்டியில் ஒவ்வொரு போர்ட்டும் தனி ரவுட்டர் இடைமுகம். பூஜ்யம் எண் போர்ட்டில் இரண்டு சர்வர்கள், ஒன்றில் முதல் கூடம், இரண்டில் இரண்டாம் கூடம், மூன்றில் மேக் கணினிகள் என்று தாளில் வரைந்துகொண்டேன். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை: ஒரு கன்சோல் கேபிள், 9600 வேகத்தில் வைத்த டெர்மினல், பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க ஒரு மடிக்கணினி, அதை ரவுட்டரின் கம்பியில் நுழைக்க நான்கு துளை கொண்ட சின்ன ஹப் ஒன்று. எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது அந்தச் சின்ன ஹப்தான். சுவிட்சில் செருகினால் அடுத்தவர் பேச்சு காதில் விழாது. ஹப்பில் விழும்.

முதல் மாலை. ‘ஐபிஎக்ஸ் ரவுட்டிங்’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். சர்வர் போர்ட்டில் ‘ஐபிஎக்ஸ் நெட்வொர்க் 1’ என்று எழுதினேன். எண் என் விருப்பம் என்று நினைத்திருந்தேன். சர்வர் போர்ட்டின் கேபிளைச் செருகி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சர்வர் அறையில் இருந்த நண்பர் கூப்பிட்டார். “சர்வர் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது, வந்து பாருங்கள்.” போய்ப் பார்த்தால், 3.11 சர்வரின் கன்சோலில், ரவுட்டர் அமைப்பில் பிழை, இன்ன ரவுட்டர் இந்தக் கம்பியின் எண்ணை 1 என்கிறது என்ற பொருளில் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஐபி பழக்கத்தில் இருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஐபிஎக்ஸில் கணினிகளுக்கு முகவரி எழுத வேண்டியதில்லை. அட்டையின் 48 பிட் வன்பொருள் முகவரியே கணினியின் எண்ணாகிவிடும், அதன் முன்னால் 32 பிட் நெட்வொர்க் எண் சேர்ந்துகொள்ளும். அந்த நெட்வொர்க் எண்ணைக் கம்பிக்குச் சூட்டுவது சர்வர். அதன் தொடக்கக் கோப்பில் ‘பைண்ட்’ என்று தொடங்கும் வரியில் அந்த எண் இருக்கிறது. புதிதாக வந்து சேரும் ரவுட்டர் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் 3.11 சர்வர் அந்தக் கம்பியை 100 என்று அழைத்து வந்திருக்கிறது. நானும் 100 என்று மாற்றினேன். பீப் நின்றது.

ரவுட்டரில் ‘ஷோ ஐபிஎக்ஸ் சர்வர்ஸ்’ என்று கேட்டேன். 3.11 தெரிந்தது, 4.11 தெரியவில்லை. அரை மணி நேரம் கேபிளைச் சந்தேகித்தேன், பிறகு போர்ட்டைச் சந்தேகித்தேன். பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட், கொடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. அந்தப் பிங் முடிவை நம்பியது இன்னொரு அரை மணியைத் தின்றது. ஐஓஎஸ் தன் இயல்பில் அனுப்பும் ஐபிஎக்ஸ் பிங் அதன் சொந்த வகை, நெட்வேர் சர்வர்களுக்குப் புரியாது. விரிவான பிங்கில் நாவெல் முறையிலான எதிரொலி வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஆம் என்று சொல்ல வேண்டும். அப்போதும் எல்லாச் சர்வரும் பதில் சொல்லும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அன்றிலிருந்து, ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பிங்கை விட்டுவிட்டேன். சர்வர் பட்டியலும் வழிப் பட்டியலும் போதும்.

4.11 தெரியாததற்குக் காரணம் பிரேம் வகை, அதாவது பாக்கெட்டைச் சுற்றும் உறையின் வடிவம். ஈத்தர்நெட்டில் ஐபிஎக்ஸைச் சுமக்க நான்கு உறைகள் இருக்கின்றன. ஒரே கம்பியில் இருந்தாலும், உறை வேறானால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. நெட்வேர் 3.11 இயல்பாகப் பயன்படுத்துவது வெறும் 802.3. 3.12இல் தொடங்கி, 4 வரிசையிலும், இயல்பு 802.2 ஆகிவிட்டது. நாவெலின் பெயர்களும் ஐஓஎஸ் பெயர்களும் ஒன்றல்ல என்பது கூடுதல் தொல்லை. நாவெலின் 802.3க்கு ஐஓஎஸ்ஸில் ‘நாவெல்-ஈத்தர்’. 802.2க்கு ‘சாப்’. ‘ஈத்தர்நெட் II’ என்ற உறைக்கு ‘ஆர்பா’. ஸ்னாப் மட்டும் இரு பக்கமும் ஸ்னாப். எதுவும் சொல்லாவிட்டால் ஈத்தர்நெட் போர்ட்டில் ரவுட்டர் நாவெல்-ஈத்தரை எடுத்துக்கொள்ளும். நானும் எதுவும் சொல்லவில்லை.

மடிக்கணினியில் பிடித்த பாக்கெட்டுகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். அட்டை முகவரிகள் இரண்டும் முடிந்து, நீளம் சொல்லும் இரண்டு பைட்டுகள் முடிந்ததும், வெறும் 802.3இல் அடுத்த இரண்டு பைட்டுகளில் எல்லாப் பிட்டும் 1. அது ஐபிஎக்ஸ் தலைப்பின் சரிபார்ப்புத் தொகைக்கான இடம், பயன்படுத்தாததால் அப்படி நிரப்பி வைத்திருக்கிறார்கள். 802.2இல் அந்த இடத்தில் வேறு மூன்று பைட்டுகள் முதலில் வரும், அவற்றுக்குப் பிறகுதான் அதே ஒன்றுகளின் வரிசை. இரண்டு வரிகளையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இதுவரை சூத்திரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

சரி, அதே போர்ட்டில் இரண்டாவது உறையையும் சேர்ப்போம் என்று 100ஐயே மறுபடி கொடுத்தேன். ரவுட்டர் மறுத்தது. ஒரே கம்பியாக இருந்தாலும், ஒவ்வொரு உறையும் தனி நெட்வொர்க், தனி எண் வேண்டும். 4.11 சர்வர் தன் பக்கத்துக்கு 101 என்று எண் வைத்திருந்தது. அதே போர்ட்டில் துணை இடைமுகங்கள் இரண்டை உண்டாக்கினேன். ஒன்றில் நாவெல்-ஈத்தர், 100. மற்றொன்றில் சாப், 101. துணை இடைமுகம் இல்லாமல், இரண்டாவது எண்ணை ‘செகண்டரி’ என்று எழுதியும் இதைச் செய்யலாம். எனக்குத் துணை இடைமுகம் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் நிறுத்திச் சோதிக்க முடிகிறது.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். எந்த நெட்வொர்க்குக்கு எது வழி என்று சொல்லும் ஐபிஎக்ஸின் ரிப் அறிவிப்பு 60 வினாடிக்கு ஒரு முறை, சர்வர் பெயர்களைச் சுமக்கும் சாப் அறிவிப்பும் (உறைப் பெயரான ‘சாப்’ வேறு) அப்படியே. காணாமல் போன வழி, மூன்று சுற்று அறிவிப்பு வராமல் போன பிறகுதான் பட்டியலிலிருந்து விழும். நான் எண்ணை மாற்றி, உடனே பட்டியலைப் பார்த்து, பழைய வரியைக் கண்டு, வேலை செய்யவில்லை என்று மறுபடி மாற்றி, இரண்டு மாற்றங்களின் விளைவையும் கலந்து வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு கணக்கு வைத்தேன்: ஒரு மாற்றம், நான்கு நிமிடம், ஒரு பார்வை. மெதுவாகத் தெரிந்தாலும் அதுதான் விரைவு.

காத்திருக்கும் நேரத்தில் பார்க்கச் சர்வர் கன்சோலில் ஒரு நல்ல கட்டளை இருக்கிறது, ‘ட்ராக் ஆன்’. உள்ளே வரும் அறிவிப்பும் வெளியே போகும் அறிவிப்பும் வரி வரியாக ஓடும். ஒவ்வொரு நெட்வொர்க் எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் ஒரு சாய்கோட்டால் பிரிந்து நிற்கும். முதலாவது எத்தனை ரவுட்டர் தாண்டி என்பது, இரண்டாவது டிக் கணக்கு. ஒரு டிக் என்பது வினாடியில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கு, பழைய கணினியின் கடிகாரத் துடிப்பை ஒட்டிய அளவு. ரவுட்டரின் அறிவிப்பு உள்ளே வருவதையும், அதில் முதல் கூடத்தின் எண் இருப்பதையும் அந்தத் திரையில்தான் முதலில் பார்த்தேன். அது போகட்டும்.

இரண்டாம் மாலை முதல் கூடம். அங்கே இருக்கும் ஐந்து கணினிகளும் 802.2 பேசுபவை. போர்ட்டுக்கு எண் 200, உறை சாப். அங்கே சர்வர் கிடையாது. டாஸ் கணினி ஏறும்போது ‘அருகில் இருக்கும் சர்வர் யார்’ என்று பிராட்காஸ்ட் செய்து, அதாவது கம்பியில் உள்ள எல்லாரிடமும் பொதுவாக, கேட்கும். அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. பகுதியில் சர்வர் இல்லாவிட்டால் ரவுட்டரே தன் பட்டியலிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிப் பதில் தரும். இது தானாகவே நடக்கும், கட்டளை எதுவும் வேண்டாம்.

ஆனால் ஐந்தில் மூன்று கணினிகள், கோப்புச் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்றே நின்றன. இரண்டு மட்டும் ஏறின. அந்த இரண்டும் பழைய ஹப்பில் இன்னும் மாட்டியிருந்தவை, மற்ற மூன்றும் அன்று புதிதாக வைத்த சுவிட்சில். சர்வர் கிடைக்கவில்லை என்று நின்ற கணினியில் அதே நிரலைக் கையால் மறுபடி ஓட்டினால் உடனே கிடைத்தது! அந்தக் கூர்மையான வேறுபாடுதான் வழிகாட்டியது. சுவிட்ச் போர்ட்டில், பாக்கெட்டுகள் சுழலில் சிக்காமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஓடுகிறது. கணினி விழித்ததும் போர்ட் 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், அதன் பிறகுதான் பாக்கெட்டைக் கடத்தும். டாஸ் கணினியோ அதற்குள் கேள்வி கேட்டு, பதில் வராமல், கைவிட்டிருக்கும். கணினி மாட்டிய போர்ட்டுகளில் மட்டும், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ‘போர்ட்ஃபாஸ்ட்’ கொடுத்தேன். சுவிட்சும் சுவிட்சும் சேரும் போர்ட்டில் கொடுக்கக் கூடாது, சுழல் விழுந்துவிடும். மூன்றில் இரண்டு ஏறின.

ஒரு கணினி மட்டும் அதன் பிறகும் முரண்டு பிடித்தது. அதன் நெட் டாட் சிஎஃப்ஜி கோப்பில் பிரேம் வகையை எழுதிய வரி, இடப்பக்க விளிம்பை ஒட்டித் தொடங்கியிருந்தது. அந்தக் கோப்பில் தலைப்பு வரிகள்தான் விளிம்பில் தொடங்க வேண்டும், அவற்றின் கீழ் வரும் வரிகள் ஓர் இடைவெளியாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி அந்தத் தலைப்பைச் சேர்ந்ததாகவே கருதப்படாது. யாரோ எப்போதோ திருத்தியபோது இடைவெளி போயிருக்கிறது. ஓர் இடைவெளி சேர்த்தேன். 4.11 சர்வரையே முதலில் தேடு என்று சொல்லும் வரியையும் ஐந்து கணினிகளிலும் எழுதினேன், ரவுட்டர் பழைய சர்வரின் பெயரைச் சொல்லி அங்கே இழுத்துப் போகாமல் இருக்க.

மூன்றாம் மாலைதான் மோசமானது. இரண்டாம் கூடத்தின் நான்கு கணினிகளும் எல்லாவற்றிலும் பழையவை. ஐபிஎக்ஸ் நிரல் அட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்ட பழைய முறை, வெறும் 802.3. ஆகவே அந்தப் போர்ட்டில் நாவெல்-ஈத்தர். எண், வரிசைப்படி 300.

கேபிளைச் செருகினேன். போர்ட் விளக்கு எரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் முதல் கூடத்திலிருந்து 3.11 சர்வரை எட்ட முடியாமல் போனது. முந்தைய நாள் நன்றாக இருந்த கூடம்! கேபிளைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் சரியானது. செருகினால் மறுபடி போனது. இப்படி ஐந்து முறை செருகிப் பிடுங்கி, சுழல் விழுந்திருக்கிறது என்று நினைத்து, கூடத்தின் ஹப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். சுழல் எதுவும் இல்லை.

‘ஷோ ஐபிஎக்ஸ் ரூட்’ பட்டியலைக் கேபிள் செருகிய நிலையிலும் பிடுங்கிய நிலையிலும் தாளில் எழுதி ஒப்பிட்டேன். பிடுங்கிய நிலையில் 300 என்ற எண் சர்வர் போர்ட் பக்கம் ரிப் மூலம் வந்ததாக இருந்தது. செருகியதும் அதே 300 நேரடி இணைப்பாக இரண்டாம் போர்ட்டுக்குத் தாவியது.

3.11 சர்வரின் உள் நெட்வொர்க் எண் 300. ஒவ்வொரு நெட்வேர் சர்வரும், கம்பிக்கு ஓர் எண் வைப்பதோடு, தன் வயிற்றுக்குள் ஒரு நெட்வொர்க் இருப்பதாகக் கொண்டு அதற்கும் ஓர் எண் வைக்கிறது. சேவைகள் எல்லாம் அந்த உள் நெட்வொர்க்கில், கணினி எண் 1 என்ற முகவரியில்தான் குடியிருக்கின்றன. நான் தொடக்கக் கோப்பில் கீழே இருந்த ‘பைண்ட்’ வரியை மட்டும் குறித்துக்கொண்டேன், மேலே இருந்த உள் நெட்வொர்க் வரியைக் குறிக்கவில்லை. சர்வரைத் தேடிப் போன பாக்கெட்டுகளை ரவுட்டர், நேரடி இணைப்பு கண்ணெதிரே இருக்கிறதே என்று, இரண்டாம் கூடத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் போர்ட்டை 400 என்று மாற்றி நான்கு நிமிடம் காத்திருந்தேன். எல்லாம் திரும்பின. இந்த எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில் படிக்கப்படுகின்றன, எழுத்துகளும் வரலாம். நான் வேண்டுமென்றே இலக்கங்களை மட்டும் எடுத்தேன். தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லும்போது பிசகாது.

அன்றே இன்னொரு சிறு தவறு. ஹப் பக்கம் போகும் போர்ட்டை 10 மெகாபிட், முழு இருவழி என்று கட்டாயமாக எழுதி வைத்திருந்தேன். ஹப்பில் முழு இருவழி கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ரவுட்டர் காத்திருக்காமல் பேசியது. போர்ட்டின் கணக்கில் சிஆர்சி எனப்படும் சரிபார்ப்புப் பிழைகளும் ரன்ட் எனப்படும் அரைகுறைத் துண்டுகளும் ஏறிக்கொண்டே போயின. அரை இருவழி என்று மாற்றியதும் எண்ணிக்கை நின்றது. ஹப் இருக்கும் இடத்தில் முழு இருவழியைத் தொடவே கூடாது.

இவ்வளவும் முடிந்து நான்கு கணினிகளும் ஏறின, நிரல்கள் ஓடின. ஆனால் இயந்திரத்தை இயக்குபவர், கோப்பு ஏற முன்பைவிட நேரமாகிறது என்றார். அவர் சொன்னது சரி. ஏறத்தாழ 900 கிலோபைட் உள்ள ஒரு கோப்பை 3.11 சர்வரிலிருந்து எடுக்க, ஒரே கம்பியாக இருந்தபோது 3 வினாடி. ரவுட்டர் வழியாக 7 வினாடி. ரவுட்டர் மெதுவானது என்று நினைத்தேன். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. முன்பு ஆயிரம் பைட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்த பாக்கெட்டுகள், இப்போது ஒவ்வொன்றும் 512 பைட் தரவை மட்டுமே சுமந்தன.

கேட்பவர் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறார் என்று தெரிந்தால், நடுவில் எந்த ரவுட்டர் எதைத் தாங்குமோ என்று பழைய சர்வர் பாக்கெட்டை 576 பைட்டுக்குள் சுருக்கிவிடுகிறது. அதில் ஐபிஎக்ஸ் தலைப்புக்கே 30 பைட் போகிறது. கணினி ஒவ்வொரு துண்டையும் கேட்டுப் பெற்ற பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது, ஆகவே துண்டு பாதியானால் நேரம் இரட்டிக்கிறது. பின்னால் வந்த நெட்வேரில் நடுவழியிலும் பெரிய பாக்கெட்டை அனுமதிக்கும் வசதி உண்டு. முதல் கூடத்துக்கும் 4.11க்கும் இடையே அது தானாகவே வேலை செய்வதைப் பாக்கெட்டுகளில் பார்த்தேன். 3.11க்குக் கூடுதல் நிரல் ஏற்ற வேண்டும். பழைய கணினிகள் பக்கத்திலும் அதற்கு ஏற்ற மென்பொருள் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் புதிதாக எதையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் மாலை அதற்கு எளிய வழி தெரிந்தது. 3.11 சர்வரை நாடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கூடத்துக் கணினிகள்தான். சர்வரும் அவர்களும் ஒரே உறை பேசுகிறார்கள். சர்வரை ஏன் அவர்கள் கம்பியிலேயே வைக்கக் கூடாது? பெட்டியை நகர்த்தவில்லை, சர்வர் அறையிலிருந்து இரண்டாம் கூடத்துக்குப் போகும் கேபிளில் அதை மாட்டினேன். இரண்டாம் போர்ட்டின் எண்ணை 400இலிருந்து 100 ஆக்கினேன், ஏனென்றால் சர்வர் எங்கே போனாலும் தன் கம்பியை 100 என்றுதான் சொல்லும். அந்தக் கோப்பு மறுபடி 3 வினாடியில் ஏறியது.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. சர்வர் போர்ட்டில் இரண்டு உறைகள் வேண்டியிருந்த தேவையே போய்விட்டது. துணை இடைமுகங்கள் இரண்டையும் அழித்து, போர்ட்டுக்கு நேராக 101, சாப் என்று எழுதினேன். இரண்டு உறை இருந்தால் ரிப், சாப் அறிவிப்புகள் எல்லாம் ஒவ்வொரு நிமிடமும் அதே கம்பியில் இரண்டு முறை போகும். இப்போது ஒரு போர்ட், ஓர் உறை, ஓர் எண். முதல் மாலையே சர்வர்களிடம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வரைபடம் போட்டிருந்தால், நேராக இங்கே வந்திருப்பேன்.

மீதமிருந்தது ஒரு நிரல். முதல் கூடத்து மேற்பார்வைக் கணினி, இரண்டாம் கூடத்துக் கணினிக்கு நெட்பயாஸ் என்ற பழைய தொடர்பு முறை மூலம் செய்தி அனுப்பும். அது ரவுட்டரைத் தாண்டவில்லை. ஐபிஎக்ஸ் மீது ஓடும் நெட்பயாஸ், வகை எண் 20 கொண்ட பாக்கெட்டாக எல்லாப் பக்கமும் பிராட்காஸ்ட் ஆகிறது. ரவுட்டர் அதை இயல்பாகக் கடத்தாது. ‘ஐபிஎக்ஸ் டைப்-20-ப்ராபகேஷன்’ என்பதை அந்த இரண்டு போர்ட்டுகளிலும் கொடுக்க வேண்டும். நான் முதலில் ஒன்றில் மட்டும் கொடுத்து, வேலை செய்யவில்லை என்று இருபது நிமிடம் விழித்தேன். உள்ளே வரும் போர்ட், வெளியே போகும் போர்ட், இரண்டிலும் வேண்டும். மற்றவற்றில் வேண்டாம்.

ஆப்பிள்டாக் பக்கம் சுருக்கமாகவே முடிந்தது, ஒரே ஒரு சிக்கலைத் தவிர. லேசர் பிரின்டர் வினாடிக்கு 230.4 கிலோபிட் வேகமுள்ள, ஆப்பிளின் லோக்கல்டாக் கம்பியில் இருக்கிறது. அதையும் ஈத்தர்நெட்டையும் இணைக்க ஏற்கெனவே ஒரு சின்ன ரவுட்டர் அங்கே உண்டு. புதிய ரவுட்டரின் மூன்றாம் போர்ட்டில் கேபிள் எண் வரம்பையும் மண்டலப் பெயரையும் (மேக்கின் பட்டியலில் தெரியும் குழுப் பெயர்) எழுதினேன். போர்ட் எழவில்லை. ‘ஷோ ஆப்பிள்டாக் இன்டர்ஃபேஸ்’ பார்த்தால் அமைப்பு பொருந்தவில்லை என்றது. ஒரே கம்பியில் இருக்கும் ரவுட்டர்கள் எண் வரம்பிலும் மண்டலப் பட்டியலிலும் முழுக்க ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வருவது ஒதுங்கி நிற்கும். எண் வரம்பு 10-10, இரு பக்கமும் ஒன்று. மண்டலப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பாக்கெட்டைப் பிடித்து மண்டலப் பெயரின் பைட்டுகளை எண்ணினேன். பெயரில் ஏழு எழுத்து, நீளம் 8 என்றிருந்தது. பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி. மேக்கின் பட்டியலில் தங்கள் மண்டலம் முதலில் வர வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். ஐஓஎஸ்ஸில் பெயரின் தொடக்கத்தில் இடைவெளியைத் தட்டினால் அது விழுங்கப்பட்டுவிடும். முக்காற்புள்ளி போட்டு 20 என்று எழுத வேண்டும், இடைவெளியின் பதினாறடிமானக் குறியீடு அது. எழுதியதும், இன்ன முகவரியில் இருக்கும் ரவுட்டர் இந்த அமைப்பைச் சரிபார்த்தது என்ற வரி வந்தது. அடுத்த அறிவிப்புச் சுற்றுக்கு ஐபிஎக்ஸைப் போல ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை, ஆப்பிள்டாக் 10 வினாடிக்கு ஒரு முறை பேசுகிறது. ஆனால் தவறாக வைத்த பழைய மண்டலப் பெயர் மட்டும் மேக்கின் பட்டியலில் சில நிமிடம் தங்கியிருந்து பிறகே மறைந்தது. எங்கள் பெட்டியில் ஆப்பிள்டாக்கை மையச் செயலியே சுமக்கிறது. அச்சுக்குப் போகும் அளவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

செலவென்று பார்த்தால் நான்கு மாலைகள், புதிதாக முடித்த ஆறு கேபிள்கள், ஒரு சின்ன ஹப். அடுத்த முறை செய்தால் கேபிளைத் தொடும் முன் இரண்டு சர்வர்களின் தொடக்கக் கோப்புகளையும் முழுக்க அச்செடுப்பேன். கம்பி எண்களுக்கு 100களை, உள் எண்களுக்கு 9000களை என்று வரம்பு பிரிப்பேன். இப்போது இருக்கும் 300ஐ மாற்றச் சர்வரை ஒரு முறை நிறுத்த வேண்டும், அதற்கு இன்னும் நாள் பார்க்கவில்லை. போர்ட்ஃபாஸ்ட்டை முதல் நாளே கொடுப்பேன்.

ரவுட்டர் அமைப்பைச் சேமித்து, ஒரு நகலை மடிக்கணினிக்கும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்தோம். முதலில் ரவுட்டர், பிறகு சர்வர்கள், இரண்டு நிமிடம் விட்டு டாஸ் கணினிகள். ஒன்பதும் ஏறின. ரவுட்டர் வைத்திருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: போர்ட், கூடம், உறை, எண், அதற்குக் கீழே சர்வர்களின் உள் எண்கள். 300 என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.